தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி: தங்கைக்குக் கொடுக்கலாமா?

கொருக்குப்பேட்டை அக்கா | செவ்வாய், இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இது என் முதல் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கைக்கு 26 வயது. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. காலை பத்து மணிக்குப் போனால் ராத்திரி ஒன்பதரை வரை நின்றபடியே இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் முப்பது நாளுக்கு ஒரு தடவை மாதவிடாய் சரியாக வந்துகொண்டிருந்தது. இப்போது ஒரு வருடமாகத் தேதி தள்ளிப் போகிறது. ஐம்பது நாள், அறுபது நாள், கடைசித் தடவை எழுபத்திரண்டு நாள். வந்தால் எட்டு நாள் நிற்காமல் போகிறது. முடி கொட்டுகிறது, எடை ஏழு கிலோ ஏறியிருக்கிறது, எப்போது பார்த்தாலும் தூக்கம் வருகிறது என்கிறாள்.

அவள் மாமியார் நல்ல மனுஷி. "இன்னும் விசேஷம் இல்லையா" என்று இவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்கிறவர்களின் வாயையும் அவரே அடைத்துவிடுவார். போன வாரம் யாரோ சொல்லி ஒரு டப்பா தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி வாங்கி வந்து, தினமும் காலையில் வெறும் வயிற்றில் பாலில் கலந்து கொடுக்கிறார். டப்பாவின் மேல் "கர்ப்பப்பை பலம் பெறும், ஹார்மோன் சீராகும், மாதவிடாய்க் கோளாறு மூன்றே மாதத்தில் நீங்கும்" என்று அச்சடித்திருக்கிறது. தங்கை எனக்கு போன் செய்து, "குடிக்கவா, வேண்டாமாக்கா? வேண்டாம் என்றால் அத்தை மனசு கஷ்டப்படும்" என்கிறாள்.

என் பெரியவன் பிறந்தபோது எங்கள் அம்மா இதே கிழங்கில் லேகியம் கிளறிக் கொடுத்தார். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அதனால் இந்தக் கிழங்கின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்தது. இவள் விஷயம் வேறு அல்லவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மாடிச்செடி | செவ்வாய், இரவு 10.50

அக்கா, மருந்து விஷயம் எனக்குத் தெரியாது, செடி தெரியும். வியாசர்பாடியில் எங்கள் மாடியில் ஒரு நீல டிரம்மில் வைத்திருக்கிறேன். கொடி முழுக்க முள். இலை மாதிரி ஊசி ஊசியாக இருப்பது உண்மையில் இலை அல்ல, தண்டுதான் அப்படி மாறியிருக்கிறது. பூ வெள்ளையாக, கடுகு அளவுதான் இருக்கும், ஆனால் பூத்த அன்று மாடி முழுக்க வாசனை. நட்டு இரண்டு வருடம் கழித்து டிரம்மைக் கவிழ்த்தபோது அடியில் விரல் விரலாகக் கிழங்கு கொத்துக் கொத்தாகத் தொங்கியது. எண்ணவே முடியவில்லை. சதாவரி என்ற வடமொழிப் பெயரில் "சத" என்றால் நூறு. ஒரு செடிக்கு நூறு வேர் என்று பொருள் சொல்வார்கள். பச்சைக் கிழங்கை உடைத்தால் தண்ணீர் சொட்டும். நம் பெயர் எப்படி வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சூப்பர் மார்க்கெட்டில் பச்சைக் குச்சியாக விற்கும் அஸ்பாரகஸ் இதற்கு ஒன்றுவிட்ட தங்கை முறை. அதை வாங்கிப் பொரியல் செய்துவிட்டு இது சாப்பிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.


கடற்கரை வீட்டம்மா | புதன், காலை 6.30

கண்ணு, தாராளமாகக் கொடுக்கச் சொல். எனக்கு நாலு பிள்ளை. நாலையும் இந்தக் கிழங்கும் பால்சுறாவும்தான் வளர்த்தன.

நாங்கள் காசிமேட்டுக்காரர்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு முதலில் வருவது பால்சுறா. குட்டிச் சுறாவாகப் பார்த்து வாங்கி, துண்டு போட்டு வேகவைத்து, ஆறியதும் மேல் தோலில் இருக்கும் மணலைச் சுரண்டி, முள்ளை எடுத்துவிட்டு உதிர்க்க வேண்டும். உதிர்த்ததை ஒரு வெள்ளைத் துணியில் போட்டுத் தண்ணீர் போகப் பிழிந்துகொள்ள வேண்டும். பிழியாமல் விட்டால் புட்டு உதிரியாக வராது, கவிச்சியும் அடிக்கும். அப்புறம் நல்லெண்ணெயில் ஒரு கை பூண்டு, சின்ன வெங்காயம், மிளகுத்தூள். மிளகாய் பிள்ளைக்காரிக்கு ஆகாது என்று எங்கள் ஆயா சேர்க்க விடாது. சாயந்தரம் ஒரு நெல்லிக்காய் அளவு தண்ணீர்விட்டான் லேகியம். ரவிக்கை நனையும் அளவுக்குப் பால் சுரக்கும். என் இரண்டாவது மருமகளுக்கும் இதையேதான் செய்தேன்.

பிள்ளை பெற்ற உடம்புக்கே ஆகிற பொருள் பெறப்போகிற உடம்புக்கு ஆகாமல் போகுமா?


இரவு டியூட்டி | புதன், காலை 8.05

கொருக்குப்பேட்டை அக்காவுக்கு. நான் பிரசவ வார்டில் செவிலியர், பதினொரு வருடமாக. ராத்திரி வேலை முடித்து வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

பொடியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்று. தங்கைக்கு எழுபத்திரண்டு நாள் தள்ளிப்போனபோது சிறுநீர்ப் பரிசோதனை செய்தாளா? இப்போது கடைசியாக மாதவிடாய் வந்து எத்தனை நாள் ஆகிறது? கல்யாணமான பெண்ணுக்குத் தேதி தள்ளினால் எந்த மருந்து, எந்தக் கிழங்கு, எந்தக் கஷாயமாக இருந்தாலும் வாயில் வைப்பதற்கு முன்னால் அந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும். மெடிக்கலில் கிட் கிடைக்கிறது. "எனக்கு எப்போதும் தள்ளித்தான் வரும்" என்று சொல்லிக்கொண்டே மூன்று மாதக் கர்ப்பத்தோடு வந்தவர்களை என் கையால் வார்டில் சேர்த்திருக்கிறேன்.

அடுத்தது. தேதி தள்ளிப்போவது ஒரு நோய் அல்ல, ஒரு அறிகுறி. காய்ச்சல் மாதிரி. தைராய்டு குறைந்தாலும் தள்ளும், புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடினாலும் தள்ளும், சினைப்பையில் நீர்க்கட்டி இருந்தாலும் தள்ளும். எடை மளமளவென்று ஏறினாலும் இறங்கினாலும் தள்ளும். நீங்கள் எழுதியிருப்பதைத் திரும்பப் படித்துப் பாருங்கள்: முடி கொட்டுகிறது, எடை ஏறுகிறது, ஓயாத தூக்கம், போனால் எட்டு நாள். இது என்னவென்று நான் இங்கே சொல்லக் கூடாது. ஆனால் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். கூடவே ஹீமோகுளோபின், சர்க்கரை, புரோலாக்டின். டாக்டர் சொன்னால் ஸ்கேன். அரசு ஆஸ்பத்திரியில் காலையில் ஓபி சீட்டு வாங்கினால் காசில்லாமல் முடியும்.

கடற்கரை அம்மா, உங்கள் பால்சுறாப் புட்டுக்கு நான் அடிமை. ஆனால் பெற்ற உடம்பும் பெறாத உடம்பும் ஒன்றல்ல அம்மா.


கடற்கரை வீட்டம்மா | புதன், காலை 9.40

சிஸ்டரம்மா சொல்வது சரி. சோதனை எடுக்கட்டும். நான் மறுக்கவில்லை. ஆனால் கிழங்கால் பால் சுரக்காது என்று மட்டும் சொல்லிவிடாதே, நான் கண்ணால் பார்த்தது.


இரவு டியூட்டி | புதன், மாலை 5.20

» கிழங்கால் பால் சுரக்காது என்று மட்டும் சொல்லிவிடாதே

சொல்ல மாட்டேன் அம்மா. படித்ததைச் சொல்கிறேன். 1996-இல் ஒரு ஆய்வு வந்தது. பால் போதவில்லை என்று வந்த தாய்மாரில் ஒரு பகுதியினருக்குச் சதாவரி சேர்ந்த மருந்தும், இன்னொரு பகுதியினருக்கு மருந்தே இல்லாத ஒன்றும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம் 2011-இல் 60 தாய்மாரை வைத்து இன்னொரு ஆய்வு. அதில் சதாவரி எடுத்தவர்களுக்குப் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் கூடியது, குழந்தையின் எடையும் நன்றாக ஏறியது. இரண்டுமே சின்ன ஆய்வுகள்தான். அதனால் யாராவது லேகியம் கொண்டுவந்தால் நான் தடுப்பதில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போட வேண்டும், பகலும் ராத்திரியும் சேர்த்து எட்டுப் பத்துத் தடவை சப்ப விட வேண்டும்; இது நடந்தால்தான் பால். லேகியத்தைக் கொடுத்துவிட்டு, "பால் வரும்வரை புட்டிப்பால் கொடுப்போம்" என்று பிள்ளையைத் தள்ளி வைக்கும் வீடுகளில்தான் எனக்குச் சண்டை.

நம் அரசாங்கமே கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் 11 சித்த மருந்துகள் கொண்ட பெட்டகத்தைத் தந்தது, அம்மா மகப்பேறு சஞ்சீவி என்று. அதில் சதாவரி லேகியம் பிரசவத்துக்குப் பிறகு கொடுக்கிற மருந்தாக இருந்தது. அதற்கென்று ஒரு காலம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.


பெரம்பூர் சித்தா | புதன், இரவு 9.10

வணக்கம். சித்த மருத்துவம் படித்து, பெரம்பூரில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். என் துறையைச் சேர்ந்த பொருள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தண்ணீர்விட்டான் கிழங்கு எங்கள் கணக்கில் இனிப்புச் சுவை, தட்ப வீரியம். எளிய பேச்சில் சொன்னால் குளிர்ச்சி, போஷாக்கு. ஆயுர்வேதக்காரர்களும் பலம் தருகிற சரக்குகளோடுதான் இதைச் சேர்க்கிறார்கள். உடம்பு வறண்டு, சூடேறி, இளைத்துப்போனவர்களுக்கு இது கைகண்ட மருந்து. நீர்க்கடுப்பு, அதிகப் போக்கால் வந்த களைப்பு, வெள்ளைப்படுதலோடு உடம்பு மெலிவது, வயிற்றெரிச்சல், பிள்ளை பெற்ற அசதி ஆகியவற்றுக்கு நானே எழுதிக் கொடுக்கிறேன். வழக்கமான அளவு ஒரு நாளைக்கு 3 முதல் 6 கிராம் பொடி.

இந்தத் தங்கையின் உடம்பு மெலிந்ததா? இல்லை. எடை ஏறியிருக்கிறது, மந்தம், தூக்கம். எங்கள் பேச்சில் கபம் ஏறிய உடம்பு. குளிர்ச்சியும் கனமும் உள்ள ஒரு கிழங்கைக் கொழுப்பான பாலில் கலந்து, காலையில் வெறும் வயிற்றில் இந்த உடம்புக்குக் கொடுப்பதற்குச் சித்த மருத்துவத்திலும் நியாயம் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். "இயற்கைதானே, எல்லாப் பெண்ணுக்கும் ஆகும்" என்று நம் மரபு எங்கேயும் சொல்லவில்லை. நாடி பார்த்து, உடம்பு பார்த்து, பசி பார்த்துக் கொடு என்றுதான் சொல்கிறது. டப்பாவில் அடைத்து "பெண்களுக்கான கிழங்கு" என்று பெயர் வைத்தது வியாபாரம்.

டப்பாவில் "ஹார்மோன் சீராகும்" என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கிழங்கில் ஷதாவரின் என்று பெயர் வைத்திருக்கும் சப்போனின் வகைப் பொருட்கள் இருக்கின்றன. அவை பெண் ஹார்மோனைப் போல வேலை செய்யலாம் என்ற பேச்சு பெரும்பாலும் எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. அதை நம்பித் தேதியைச் சரிசெய்து தருகிறேன் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. மார்பகக் கட்டி, கர்ப்பப்பைக் கட்டி என்று ஹார்மோன் சம்பந்தப்பட்ட சிகிச்சையில் இருப்பவர்கள் தாங்களாகவே இதை எடுக்கவே கூடாது.

அதனால் சிஸ்டர் சொன்ன பரிசோதனைகளை முதலில் எடுங்கள். அறிக்கையை எடுத்துக்கொண்டு அரும்பாக்கம் அறிஞர் அண்ணா இந்திய மருத்துவமனைக்கோ, பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் உள்ள சித்தப் பிரிவுக்கோ போகலாம். நல்ல சித்த மருத்துவர் அறிக்கையைப் பார்க்காமல் இந்தக் காலத்தில் மருந்து எழுத மாட்டார்.


வெள்ளிக்கிழமை | புதன், இரவு 11.45

படித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் தூங்க முடியவில்லை.

எனக்கு நீர்க்கட்டி. பெயர் வேண்டாம், ஒரு இடத்தில் விளம்பரம் பார்த்துப் போனேன். ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, "ஆறு மாதத்தில் கட்டி கரையும், இங்கிலீஷ் மாத்திரையை இன்றோடு நிறுத்து" என்றார்கள். கொடுத்தது சதாவரிக் குருணை இரண்டு டப்பா, ஒரு லேகியம், ஒரு அரிஷ்டம். மாதம் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை, ஓவர்டைம் பார்த்துத்தான் அந்தப் பணத்தைக் கட்டினார். ஐந்தாவது மாதம் கழுத்து கறுத்துப்போய், தலைசுற்றலோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எகிறியிருந்தது. அங்கே இருந்த டாக்டரம்மா என் கையிலிருந்த குருணை டப்பாவை வாங்கி, பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னார். முதலில் இருந்த பெயர் சர்க்கரை. கிழங்கு அதற்குப் பின்னால்தான் வந்தது. நீர்க்கட்டி உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாது, அதுதான் பாதிப் பிரச்சினையே. அவர்களுக்குக் காலையும் மாலையும் சர்க்கரைக் குருணையைப் பாலில் கலந்து கொடுத்திருக்கிறார்கள்.

அந்த அம்மா திட்டவில்லை. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை எழுதிக் கொடுத்து, தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார். உடம்பு எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே பலருக்குத் தேதி திரும்பும் என்றார். திருவொற்றியூர் கோயில் குளத்தைச் சுற்றி நடந்தேன். நாலரைக் கிலோ குறைந்தது. ஏழு மாதம் கழித்து முப்பத்தைந்தாவது நாளில் வந்தபோது அழுதுவிட்டேன்.

கிழங்கின் மேல் எனக்குக் கோபம் இல்லை. மாத்திரையை நிறுத்து என்று சொன்ன வாயின் மேல் இருக்கிறது.


எண்ணூர் காற்று | வியாழன், காலை 7.00

வெள்ளிக்கிழமை, உங்களுக்கு ஒரு அணைப்பு.

என் மகளுக்கு 15 வயது. பெரியவளாகி மூன்று வருடம். அவளுக்கும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது. ஒரு லேபில் ஸ்கேன் எடுத்து நீர்க்கட்டி என்று எழுதிவிட்டார்கள். நானும் இந்தப் பொடி வாங்கலாமா என்று இருந்தேன்.


இரவு டியூட்டி | வியாழன், காலை 8.30

எண்ணூர் அக்கா, வாங்காதீர்கள், பயப்படவும் வேண்டாம். நீர்க்கட்டி என்று முடிவு செய்ய மூன்றில் இரண்டு இருக்க வேண்டும்: தேதி தவறுவது, ஆண் ஹார்மோன் கூடியதற்கான அடையாளம், அதாவது முகத்தில் முடி, கடும் பரு, இல்லாவிட்டால் ரத்தத்தில் அளவு, ஸ்கேனில் தெரிவது. வளரும் பெண்களுக்கு அந்த மூன்றாவது செல்லாது. பெரியவளாகி எட்டு வருடம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று 2023-இல் வந்த உலக அளவிலான வழிகாட்டுதலே சொல்கிறது. அந்த வயதில் சினைப்பை அப்படித்தான் தெரியும். ஆனாலும் பெரியவளாகி மூன்று வருடம் ஆகியும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது என்பதால் மகளிர் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அதுவரை உளுந்தங்களியும் எள்ளுருண்டையும் போதும். பெரியவர்கள் காரணமாகத்தான் கொடுத்தார்கள்.


வேர்க்கடை | வியாழன், பகல் 2.30

சகோதரிகள் பேசும் இடத்தில் ஆண் நுழைவதற்கு மன்னிக்கவும். பாரிமுனைப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். மருந்தைப் பற்றிப் பெரம்பூர் சித்த டாக்டர் சொல்லிவிட்டார். சரக்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

ஒன்று, பொடியாக வாங்காதீர்கள். கிழங்காக வாங்குங்கள். பொடியில் என்ன இருக்கிறது என்று அரைத்தவனுக்குத்தான் தெரியும். மாவுச்சத்துள்ள எந்தக் காய்ந்த கிழங்கை அரைத்தாலும் இதே வெளிர் நிறத்தில்தான் வரும். அந்த மாவைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க எனக்கே வராது. கிழங்கு அப்படி ஏமாற்றாது. சுண்டுவிரல் பருமன், இரண்டு முனையும் கூம்பியிருக்கும், நீளவாக்கில் சுருக்கம் விழுந்திருக்கும், நிறம் வைக்கோலும் பாலும் கலந்த மாதிரி. உடைத்தால் நடுவில் ஒரு நரம்பு. வாயில் போட்டு மென்றால் முதலில் லேசாக இனிக்கும், கடைசியில் ஒரு சின்னக் கசப்பு. வளையாமல் படக்கென்று உடைந்தால் நன்றாகக் காய்ந்த சரக்கு. ரப்பர் மாதிரி வளைந்தால் ஈரம் ஏறியிருக்கிறது, வீட்டுக்குப் போய் ஒரு மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். நம் ஊர் கடல் காற்றுக்குச் சொல்லவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் நாங்களே மூட்டையைப் பிரித்து மறுபடி வெயில் காட்டுவோம்.

நடு நரம்பை எடுக்காமல் அரைத்த பொடியும் வருகிறது. வேலை மிச்சம், எடையும் கூடும். மருந்துக்குத் தோலும் நரம்பும் ஆகாது.

இரண்டு, டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சித்த, ஆயுர்வேத மருந்தாக இருந்தால் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தேதி, என்னென்ன எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் இருக்க வேண்டும். அதற்குப் பதில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் மட்டும் இருந்தால் அதை உணவுப் பொருளாக விற்கிறார்கள் என்று அர்த்தம். உணவு என்று உரிமம் வாங்கிவிட்டு நோயைத் தீர்க்கும் என்று அச்சடிக்கக் கூடாது. மருந்தாகவே இருந்தாலும், மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்யும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருடத்து மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது. கொருக்குப்பேட்டை அக்கா எழுதியிருக்கும் அந்த வாசகம் இரண்டு வகையிலும் தப்பு. இப்படி அச்சடித்து வருகிற டப்பாவை நான் தனியாகக் கேட்டு வருபவர்களுக்குக்கூட எடுத்துக் கொடுப்பதில்லை.

மூன்று, இதோடு சேர்த்தே வாங்குவார்கள் என்பதால் சொல்கிறேன். அதிகப் போக்குக்கு அசோகப்பட்டை கேட்டு வருகிறார்கள். சென்னையில் பள்ளிக்கூட வாசலிலும் பிளாட் காம்பவுண்டிலும் ஊசி மாதிரி உயரமாக நிற்கிறதே, நாம் அசோகா மரம் என்று சொல்லும் மரம், அது நெட்டிலிங்கம். மருந்துக்குரிய அசோகம் வேறு மரம், ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்தாகப் பூக்கும், காட்டில் அருகிக்கொண்டு வருகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் நெட்டிலிங்கப் பட்டை அந்தப் பெயரில் கலப்படமாக வருகிறது. வீட்டு வாசல் மரத்தில் பட்டை செதுக்கிக் கஷாயம் வைத்ததாக ஒரு அம்மா பெருமையாகச் சொன்னபோது எனக்குப் பகீரென்றது.


பெரம்பூர் சித்தா | வியாழன், மாலை 6.00

வேர்க்கடை அண்ணன் எழுதியதை என் நோயாளிகளுக்குப் படித்துக் காட்டப் போகிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். யார் செய்தது என்றே தெரியாத கலவைப் பொடி, உலோகம் சேர்த்துச் செய்யும் செந்தூரம் என்று சொல்லிக் கையில் மடித்துத் தரும் பொட்டலம், இவற்றைப் பிள்ளைக்காக முயற்சி செய்யும் பெண்கள் தொடவே கூடாது. 2011, 2012-இல் நியூயார்க்கில் இந்தியாவிலிருந்து வந்த மருந்துகளைச் சாப்பிட்ட கர்ப்பிணிகள் ஆறு பேருக்கு ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். ஈயம் தாயிடமிருந்து கருவுக்கும் போகும். கிழங்கைக் கிழங்காக வாங்கினால் அந்தப் பயம் பெருமளவு குறையும்.


கொருக்குப்பேட்டை அக்கா | சனி, இரவு 9.30

எல்லோருக்கும் முதலில் கைகூப்பி நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

புதன் ராத்திரியே கிட் வாங்கிச் சோதனை செய்தாள். இல்லை. வெள்ளிக்கிழமை அவள் கடையில் விடுப்புக் கேட்டால் ஒருநாள் சம்பளத்தோடு வருகைப் படியும் போகும் என்றார்கள். போனால் போகட்டும் என்று கூட்டிக்கொண்டு போனேன். ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள், சரக்கு ரயில் நகரவே இல்லை, ஆட்டோவை விட்டு இறங்கிக் குறுக்கே நடந்துதான் ஓபி சீட்டைப் பிடித்தோம். டாக்டரம்மா அவளை உட்கார வைத்து முதலில் கேட்ட கேள்வி, "கடையில் தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக விடுகிறார்களா?" என்பதுதான். தங்கை பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள். மாடிப்படி ஏறி நாலாவது தளத்துக்குப் போக வேண்டும் என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பாளாம். எனக்கே அப்போதுதான் தெரியும்.

இன்று அறிக்கை வந்தது. டிஎஸ்ஹெச் 18. நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டுமாம். ஹீமோகுளோபின் 9. ஸ்கேனில் நீர்க்கட்டி இல்லை. தைராய்டு குறைவுதான் காரணமாக இருக்கும், அது சரியானால் தேதியும் போக்கும் ஒழுங்குக்கு வரும், பிள்ளை விஷயமும் அதற்கு அப்புறம் பார்க்கலாம் என்றார். தைராக்சின் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை. தைராக்சினைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும்தான் போட வேண்டுமாம், பாலோ காபியோ உடனே கூடாது. இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி. அப்போதுதான் எனக்கு உறைத்தது: அத்தை கொடுத்துக்கொண்டிருந்ததும் இதே நேரத்தில், வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் பாலில்!

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தோம். நானே போய் இந்த இழையைப் பொறுமையாகப் படித்துக் காட்டினேன், கடற்கரை அம்மா எழுதிய பால்சுறா உட்பட. கடைசிவரை கேட்டுவிட்டு, "நான் நல்லது என்றுதான் செய்தேன்" என்றார். "நல்லதுதான் அத்தை, நேரம்தான் இன்னும் வரவில்லை" என்றேன். எழுந்துபோய் டப்பாவை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். திருப்பிப் பார்த்தேன். உரிம எண் இல்லை. 14 இலக்க எண்தான் இருந்தது.


கடற்கரை வீட்டம்மா | சனி, இரவு 10.05

அந்தம்மாவை ஒருநாள் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வா கண்ணு. தங்கச்சிக்குப் பிள்ளை பிறக்கட்டும், பால்சுறா நான் வாங்கித் தருகிறேன். விடியற்காலையில் போனால் நல்லதாகக் கிடைக்கும்.


வேர்க்கடை | ஞாயிறு, காலை 11.00

அந்த நேரம் வரும்போது சொல்லுங்கள் அக்கா. மெட்ரோவில் மண்ணடியில் இறங்கினால் நடந்து வரும் தூரம்தான். நல்ல கிழங்காக எடுத்து வைக்கிறேன். பச்சையாகக் கிடைத்தால் இன்னும் நல்லது: கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் தோல் லேசாக உரியும், கத்தியால் நீளவாக்கில் கீறி நரம்பை ஒரே இழுப்பில் உருவிவிடலாம். அரைத்துப் பால் எடுத்து, பனைவெல்லப் பாகில் ஊற்றிக் கிண்டி, நெய் பிரிந்து வரும்போது இறக்க வேண்டும்.


கொருக்குப்பேட்டை அக்கா | ஞாயிறு, மதியம் 1.15

எங்கள் அம்மாவும் இப்படித்தான் இரும்புச் சட்டியில் கிண்டுவார், அண்ணா. அத்தையிடம் சொன்னேன். அதுவரை அந்த வேலைக்கு யாரையும் கூப்பிடாதே, நானே செய்கிறேன் என்கிறார்.

ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள்.


இரவு டியூட்டி | ஞாயிறு, மாலை 4.40

நல்லது அக்கா. அன்று காலை மாத்திரையைப் போடாமல் வந்து, ரத்தம் கொடுத்த பிறகு போடச் சொல்லுங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்து வரட்டும். அவள் கடையில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கல்லாப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள்.